தோல்வியையும் தமிழில் சொல்லுங்கள்!

ஜெயிக்கிற டீமுக்கு கமென்ட்ரியே தேவையில்லை. சிக்ஸர் போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். எதிர் வீட்டு மாடியில் ஒருவர் விசிலடிப்பார், பக்கத்துத் தெருவில் பட்டாசு வெடிக்கும். தோற்கும்போதுதான் கமென்ட்ரி தேவைப்படுகிறது. எங்கே கோட்டைவிட்டோம், யார் சொதப்பினார்கள், இனிமேல் வழி இருக்கிறதா என்று விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் மனசு கொஞ்சம் ஆறும்.

2025 ஐபிஎல் சீசனில் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர்களுக்கு அப்படி ஒருவர் ரொம்பவே தேவைப்பட்டார். தமிழ் கமென்ட்ரியில் அவர் கிடைக்கவில்லை. எங்கள் மூலக்கொத்தளத்தில் மேட்ச்சுக்கு மறுநாள் காலை டீக்கடையில் நின்றால், "டீம் தோக்குறதுகூட பரவால்லபா, இவங்க பேசுறதைத்தான் தாங்க முடியல" என்ற பேச்சு காதில் விழாமல் டீ கைக்கு வராது. அணியைத் திட்டியவர்களைவிட மைக்கைத் திட்டியவர்களே அதிகம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கோட்டையில் விழுந்த ஓட்டைகள்

முதலில் கணக்கு. 14 மேட்ச், 4 வெற்றி, 10 தோல்வி, 8 புள்ளிகள். 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை கோப்பையைத் தூக்கிய அணி, ஐபிஎல் வரலாற்றில் முதல்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் நின்றது.

அதைவிட வலித்தது சேப்பாக்கம். சொந்த மைதானத்தில் ஆடிய 6 மேட்ச்சில், மார்ச் 23 அன்று மும்பையை ஜெயித்ததோடு சரி. அதன் பிறகு வரிசையாக 5 தோல்வி. பெங்களூரு அணி 2008-க்குப் பிறகு முதல்முறையாக இங்கே ஜெயித்தது. டெல்லி 2010-க்குப் பிறகு ஜெயித்தது. ஹைதராபாத் இங்கே ஜெயித்ததே அதுதான் முதல்முறை. ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர் முழுக்க ஆடி நம்மவர்கள் எடுத்தது 103 ரன். அதை அவர்கள் 10.1 ஓவரில் முடித்துவிட்டு ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள்.

ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் இருந்தது. பவர்பிளேயில் ரன் வரவில்லை. தொடக்க ஜோடி நிலைக்கவில்லை. பிட்ச் எப்படி நடந்துகொள்ளும் என்று சொந்த அணிக்கே பிடிபடவில்லை; பயிற்சியாளர் ஸ்டீபன் ஃப்ளெமிங்கே அதை ஒப்புக்கொண்டார். கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை எலும்பு முறிவால் விலக, தோனி மீண்டும் கேப்டன் ஆனார். பேசுவதற்கு இவ்வளவு விஷயம் இருந்தது. தமிழில் நம் காதுக்கு வந்ததில் பாதிக்கு மேல் "தல வர்றார்" என்கிற ஒரே விஷயம்தான்.

காதால் பார்ப்பவர்கள்

மார்ச் 28 மேட்ச்சை எடுத்துக்கொள்வோம். பெங்களூரு வைத்த இலக்கு 197. சென்னை பவர்பிளேயில் எடுத்தது 30 ரன், இழந்தது 3 விக்கெட். மேட்ச் அங்கேயே கையைவிட்டுப் போய்விட்டது. 7 விக்கெட் போன பிறகு, 9-வது ஆளாக தோனி இறங்கினார். கடைசி ஓவரில் குருணால் பாண்டியாவை இரண்டு சிக்ஸரும் ஒரு ஃபோருமாக வெளுத்தார். 16 பந்தில் 30 ரன். சென்னை 50 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

எங்கள் ஆயாவுக்குக் கண் மங்கல். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் டிவி திரை அவருக்கு வெறும் வெளிச்சம்தான். அதனால் கிரிக்கெட்டைக் காதால் பார்க்கிறார். அந்தக் கடைசி ஓவரில் டிவியிலிருந்து வந்த ஆரவாரத்தைக் கேட்டுவிட்டு, "இன்னாடா, கெலிச்சிட்டோமா?" என்றார்.

"இல்ல ஆயா. 50 ரன்ல தோத்துட்டோம்."

"அப்புறம் இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்துறானுங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. தோனி சிக்ஸர் அடித்தால் கத்தக் கூடாதா என்றால், தாராளமாகக் கத்தலாம். நானும்தான் கத்தினேன். ஆனால், 43 வயதில் இப்படி அடிக்க முடிகிறவர் ஏன் 9-வதாக வந்தார், முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், ஏன் வர முடியவில்லை என்ற கேள்வி மைதானத்தில் இருந்த ஒவ்வொருவர் மனதிலும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் இரண்டு நாள் கழித்து குவாஹாத்தியில் ஃப்ளெமிங் வாயிலிருந்து வந்தது: தோனியின் முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் முழுவேகத்தில் ஓடி ஆட அவரால் முடியாது. கிரிக்கெட் ஆடியவர்கள் மைக் முன்னால் இருந்தார்கள். இதை ஊகித்து அன்றைக்கே நமக்குச் சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 5, டெல்லி மேட்ச் இன்னும் மோசம். இலக்கு 184. சென்னை 20 ஓவரையும் ஆடி, 5 விக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே, 25 ரன் வித்தியாசத்தில் தோற்றது. விஜய் சங்கர் 54 பந்தில் 69, தோனி 26 பந்தில் 30. அடிக்க முயன்று அவுட் ஆகித் தோற்றால் ஒரு ரகம். அடிக்காமலேயே தோற்பது வேறு ரகம். வீட்டில் உட்கார்ந்திருந்த நமக்கு இது 12-வது ஓவரிலேயே புரிந்துவிட்டது. அன்று தோனியின் அப்பாவும் அம்மாவும் மைதானத்துக்கு வந்திருந்தார்கள். கேமரா அவர்களிடம் போய்ப் போய் வந்தது. பேச்சு ஓய்வு பெறுவாரா, மாட்டாரா என்று திரும்பியது. சேஸிங் அநாதையாக நின்றது.

கமென்ட்ரி யாருக்காக? மைதானத்தில் இருப்பவருக்கு அது தேவையில்லை. சேப்பாக்கம் எங்கள் ஏரியாவிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். ஆனால், 2025-ல் ஆரம்ப டிக்கெட் விலையே 1,700 ரூபாய். அதுவும் ஆன்லைன் வரிசையில் நம் முறை வரும்போது தீர்ந்திருக்கும். ஒரு குடும்பமாகப் போவதென்றால் மாத மளிகைச் செலவை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆக, வடசென்னைக்குச் சேப்பாக்கம் என்பது ஒரு குரல். துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நிற்கும் டிரெய்லர் டிரைவர், காசிமேட்டில் வலை சரிசெய்கிறவர், அடுப்படியில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே "யாரு அவுட்டு?" என்று கேட்கும் அம்மா... இவர்கள் யாரும் திரையை முழுசாகப் பார்ப்பதில்லை. சொல்வதைத்தான் நம்புகிறார்கள்.

"பிடிக்கலைன்னா இங்கிலீஷுக்கு மாத்திக்க வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். எனக்கு அது ஒரு பட்டன். ஆயாவுக்கு? வீட்டில் ஒருவர் ரிமோட்டில் மொழியை மாற்றினால் இன்னொருவருக்கு மேட்ச் அத்தோடு முடிகிறது. விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஆங்கிலம், கைத்தட்டிச் சிரிக்க வேண்டும் என்றால் தமிழ் என்று பிரித்துவைத்தது யார்?

ஏன் இப்படிப் பேசுகிறார்கள்?

கமென்டேட்டர்களுக்குக் கிரிக்கெட் தெரியாது என்று சொன்னால் அது பொய். நாட்டுக்காகவும் மாநிலத்துக்காகவும் ஆடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஒரு மேட்ச்சுக்குச் சுமார் 118 கோடி. இவ்வளவு கொடுத்து வாங்கியவருக்கு இரண்டாவது இன்னிங்ஸின் 15-வது ஓவரில் நீங்கள் டிவியை அணைத்துவிட்டால் நஷ்டம். ஓவருக்கு 22 ரன் தேவைப்படும்போதும் "இன்னும் முடியல, என்ன வேணும்னாலும் நடக்கலாம்" என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருப்பதன் ரகசியம் இதுதான். அது அடுத்த விளம்பரம் வரை நம்மை உட்காரவைக்கும் வேலை.

இன்னொன்று, உறவு. தமிழ் மைக்கில் இருப்பவர்களில் மஞ்சள் ஜெர்ஸி போட்டு ஆடியவர்களும் இருக்கிறார்கள். நேற்றுவரை ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தவரைப் பற்றி ஊரறியக் குறை சொல்வது யாருக்கும் சங்கடம்தான். ஆனால், டிவிக்கு வெளியே முன்னாள் வீரர்களின் பேச்சே வேறு. முன்னாள் இந்திய கேப்டன் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், தன் 'சீக்கி சீக்கா' யூடியூப் சேனலில் அந்த சீசனின் சென்னை ஆட்டத்தை விளாசித் தள்ளினார். கேட்டவர்களுக்கு, அட, நாம் நினைத்ததை ஒருவர் சொல்லிவிட்டாரே என்று ஒரு நிம்மதி. மேட்ச் நடக்கும்போது கிடைக்க வேண்டிய அந்த நிம்மதிக்கு மறுநாள் யூடியூப் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, பயம். 2016 உலகக்கோப்பை டி20 சமயத்தில், இந்திய கமென்டேட்டர்கள் நம் வீரர்களைப் பற்றி அதிகம் பேசலாமே என்று அமிதாப் பச்சன் ட்விட்டரில் எழுத, தோனி அதை ஆமோதித்துப் பகிர்ந்தார். அடுத்த சில நாள்களில் தொடங்கிய ஐபிஎல் கமென்ட்ரி குழுவில் ஹர்ஷா போக்லே இல்லை. காரணத்தை கிரிக்கெட் வாரியம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. தனக்கும் சொல்லப்படவில்லை என்றார் அவர். 2020-ல் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் வாரியத்தின் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், அடுத்த சீசன் வாய்ப்பை நினைத்து வார்த்தையை அளந்துதான் பேசுவார்.

நாமும்தான் வாயை மூடவைக்கிறோம்

அந்தப் பயத்தில் நமக்கும் பங்கு உண்டு. 2025 ஏப்ரலில் நடந்ததே சாட்சி. டெல்லியிடம் தோற்ற பிறகு, அஸ்வினின் யூடியூப் சேனலில் பேசிய ஆட்ட ஆய்வாளர் பிரசன்னா அகோரம், அணியில் அஸ்வினும் ஜடேஜாவும் இருக்கும்போது மூன்றாவது ஸ்பின்னராக நூர் அகமது எதற்கு, அந்த இடத்தில் ஒரு பேட்ஸ்மேனை ஆடவைக்கலாமே என்றார். சமூக வலைதளம் பற்றிக்கொண்டது. அந்த சீசன் முழுக்க இனி சென்னை மேட்ச்களைப் பற்றிப் பேசப்போவதில்லை என்று அந்த சேனல் அறிவித்துவிட்டது.

அஸ்வின் அப்போது சென்னை அணியில் ஆடிக்கொண்டிருந்தார். அவர் பெயரில் உள்ள சேனலில் சக வீரரைப் பற்றி இப்படி ஒரு பேச்சு வந்தது சங்கடம்தான், மறுக்கவில்லை. அந்தக் கருத்தும் தப்பாகத்தான் போனது. நூர் அகமது 24 விக்கெட் எடுத்து சீசனை முடித்தார். ஆனால், தப்பான கருத்தைச் சொன்னால் "இல்லை சார், நூர் இப்படிப் போடுகிறார், அதனால் அவர் தேவை" என்று பதில் சொல்லியிருக்கலாம். நடந்தது என்ன? சென்னை அணியைப் பற்றித் தமிழில் நுணுக்கமாகப் பேசிய ஓர் இடம், பேச்சு மிக அவசியமான சீசனின் நடுவில், ஊமையாகிவிட்டது.

ஜெயித்த வருடங்களில் இந்த ஆரவாரத்தை ரசித்தவர்கள் நாம்தான். பஞ்ச் டயலாக்கும் சினிமா பாட்டும் கமென்ட்ரியில் வந்தபோது ரீல்ஸாக வெட்டிப் பகிர்ந்தவர்களும் நாம்தான். குறை சொன்னவரைத் 'துரோகி' என்றோம். அணி சறுக்கியபோது உண்மை பேச ஆள் தேடினோம். யார் மிச்சம் இருப்பார்கள்?

பேஸ்பாலிலும் இதே வயிற்றெரிச்சல்

இந்தக் கதை நமக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் பேஸ்பால் அணிகளுக்கு அந்தந்த ஊரில் தனி டிவி ஒளிபரப்பு உண்டு. சீசனுக்கு 162 மேட்ச். பெரும்பாலான மேட்ச்களை ஊர்க்காரர்கள் ஒரே கமென்டேட்டர் குரலில்தான் கேட்பார்கள். அணி தோற்கத் தொடங்கினால் அந்தக் குரலோடு ஆறு மாதம் குடித்தனம் நடத்த வேண்டும். 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி 162-ல் 121 மேட்ச் தோற்றது. நவீன பேஸ்பாலில் ஒரு சீசனில் இத்தனை தோல்வி வேறு யாரும் கண்டதில்லை. நம்முடைய 10 தோல்விக்கே இந்தப் பாடு என்றால், அந்த ஊர்க்காரர்களை நினைத்துப் பாருங்கள்.

அங்கேயும் மைக்குக்குப் பூட்டு உண்டு. 2023 ஜூலையில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் டிவி கமென்டேட்டர் கெவின் பிரவுன், டாம்பா பே மைதானத்தில் முந்தைய ஆண்டுகளில் தங்கள் அணி எவ்வளவு மோசமாக ஆடியது, இந்த ஆண்டு எவ்வளவு தேறியிருக்கிறது என்று கணக்கோடு சொன்னார். பார்க்கப்போனால் அது பாராட்டு. ஆனாலும் அவர் ஒளிபரப்பிலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்டார். அந்த டிவி நிறுவனத்தில் அப்போது பெரும்பங்கு ஓரியோல்ஸ் அணியுடையதாக இருந்தது.

அடுத்து நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. மற்ற அணிகளின் கமென்டேட்டர்கள் அவரவர் மேட்ச்சிலேயே அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். பால்டிமோர் ரசிகர்கள் மைதானத்தில் எழுந்து, பிரவுனை விடுவியுங்கள் என்று கோஷம் போட்டார்கள். ஆகஸ்ட்டில் அவர் திரும்பி வந்தார். தங்கள் அணி தோற்ற கதையைச் சொன்னவருக்காகச் சொந்த அணியின் ரசிகர்களே நின்றார்கள். நாம் ஹேஷ்டேக் போட்டு ஒருவர் வாயை மூடவைத்தோம். அவர்கள் கோஷம் போட்டு ஒருவர் வாயைத் திறக்கவைத்தார்கள்.

ரேடியோவும் மைக் செட்டும்

உண்மையைச் சொல்லும் கமென்ட்ரி தமிழுக்குப் புதிதும் இல்லை. டிவி எல்லா வீட்டிலும் நுழைவதற்கு முன், 80-களில் அகில இந்திய வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான் போன்றவர்கள் தமிழில் கிரிக்கெட் சொன்னார்கள். கேட்பவருக்குப் பார்க்க எதுவும் கிடையாது. பந்து எங்கே குத்தியது, ஃபீல்டர் எங்கே நின்றார், பேட்ஸ்மேன் எதனால் தடுமாறினார் என்று வார்த்தையில் வந்தால்தான் உண்டு. அங்கே ஆரவாரம் மட்டும் செய்தால் கேட்பவர் இருட்டில் நிற்பார்.

அந்தக் காலத்துத் தமிழ்நாடு அணி ஜெயித்துக்கொண்டே இருந்ததா? 1954-55-ல் ரஞ்சி கோப்பையைத் தொட்ட அணி, அடுத்த முறை தொட்டது 1987-88-ல். இடையில் 33 வருடம். அத்தனை வருடமும் ரேடியோவை அணைக்காமல் வைத்திருந்தவர்கள் நம் தாத்தாக்கள். கோப்பை வராதது அவர்களை விரட்டவில்லை. 2020-ல் ஜப்பார் மறைந்தபோது, கோப்பை ஜெயித்த கேப்டனுக்குச் சொல்வதுபோல ஊர் ஊராக அஞ்சலி சொன்னார்கள். குரல் அப்படி ஒட்டியிருந்தது.

அவ்வளவு பின்னால் போக வேண்டாம் என்றால் வியாசர்பாடிப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் டோர்னமென்ட்டுக்குப் போய்ப் பாருங்கள். மரத்தடியில் மைக் செட், அதன் பின்னால் ஓர் அண்ணன். சொந்த ஏரியா டீம் மூன்று கோல் வாங்கினால், "தம்பி, பேக்ல ஆளே இல்ல, கதவைத் தொறந்து வெச்சிட்டு இன்னாத்துக்கு முன்னாடி ஓடுறீங்க?" என்று மைக்கிலேயே கேட்பார். டீம்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை. ஏனென்றால், அண்ணன் அவர்கள் ஆள். அடுத்த வாரமும் அதே மரத்தடியில் இருப்பார். அன்பும் இருக்கும், கணக்கும் இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து வருவதைத்தான் ஐபிஎல் தமிழில் தேடுகிறோம்.

என்ன கேட்கிறோம்?

அணியைத் திட்டச் சொல்லவில்லை. தோற்ற வீரரைக் கேலி செய்யவும் சொல்லவில்லை. அதற்கு மீம்ஸ் பக்கங்கள் போதும். நாங்கள் கேட்பவை சின்ன விஷயங்கள்.

மேட்ச் கையைவிட்டுப் போனால், போய்விட்டது என்று சொல்லுங்கள். எந்த ஓவரில் போனது என்று சொல்லுங்கள். பிட்ச் மெதுவா, பந்து நின்று வருகிறதா, எதிரணி ஸ்பின்னர் ஜெயிக்கும் இடத்தில் நம்மவர் ஏன் திணறுகிறார் என்று விளக்குங்கள். நீங்கள் அந்தப் பிட்ச்சில் ஆடியவர்கள். உங்களுக்குத் தெரிந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

பெரிய பெயருக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பெயர்களையும் சொல்லுங்கள். மே 3 அன்று பெங்களூருவில் 17 வயது ஆயுஷ் மாத்ரே 48 பந்தில் 94 அடித்தும் சென்னை 2 ரன்னில் தோற்றது. நடுவில் வந்து சேர்ந்த டெவால்டு பிரெவிஸ் தோற்ற மேட்ச்களிலும் பளிச்சிட்டார். தோல்வி சீசனில் ரசிகனுக்குக் கிடைக்கும் சம்பளமே இந்த மாதிரிப் பையன்கள்தான். அவன் எங்கிருந்து வந்தான், எப்படி அடிக்கிறான், அடுத்த வருடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று சொன்னால் தோற்ற இரவிலும் பேச ஒரு விஷயத்தோடு தூங்கப் போவோம்.

அப்புறம், சில நேரம் சும்மா இருங்கள். 103 ரன்னில் முடங்கிய இரவில் சேப்பாக்கமே அமைதியாக இருந்தது. அந்த அமைதியைக் கேட்க எங்களுக்கும் உரிமை இருக்கிறது.

ரசிகர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை தமிழில் யாராவது ஒருவர், "இந்த இடத்தில் சென்னை தப்புப் பண்ணிடுச்சு" என்று மைக்கில் சொன்னால், அந்த கிளிப்பை எடுத்து அவரை வறுக்காதீர்கள். அவர் சொன்னது தப்பு என்றால் எங்கே தப்பு என்று எழுதுங்கள். சரி என்றால், சரி என்றும் எழுதுங்கள். அப்படி நாலு பேர் எழுதினால்தான் அவர் அடுத்த மேட்ச்சிலும் அதேபோலப் பேசுவார்.

சென்னை கடைசி மேட்ச்சில், மே 25 அன்று, குஜராத்தை 83 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. பட்டியலில் அதனால் எதுவும் மாறவில்லை, கடைசி இடம் கடைசி இடம்தான். ஆனாலும் அன்றும் எங்கள் தெருவில் டிவி ஓடியது. தோற்றாலும் பார்ப்பவர்கள்தான் இந்த ஊர்க்காரர்கள். அவர்களை ஏமாற்றி உட்காரவைக்க வேண்டிய அவசியமே இல்லை. நடந்ததைச் சொல்லுங்கள், போதும்.